பாக்கெட் இல்லாத சீருடை

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். என் மகளுக்கு 13 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். இந்த வருஷத்திலிருந்து பெண் பிள்ளைகள் சுடிதாருக்கு மேல் ஓவர்கோட் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பேன்ட் வெள்ளை. கோட்டு ஒன்று 450 ரூபாய், இரண்டு தைத்தேன். ஜூன் மாத வெயில் தாங்காமல் ஒருநாள் வகுப்பில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள். மிஸ் அவளை எழுப்பி, எல்லார் முன்னாலும் “உனக்கு வெட்கமே இல்லையா?” என்று கேட்டு, மதியம் வரைக்கும் வெளியில் நிற்க வைத்திருக்கிறார். அன்றிலிருந்து பாட்டில் தண்ணீரை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். பாத்ரூம் போனால் கோட்டு, டாப்ஸ், நாடா என்று எதையும் சமாளிக்க முடியவில்லையாம். பி.டி. பீரியடில் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு வாரமாகச் சிறுநீர் போகும்போது எரிகிறது என்கிறாள். இடுப்பிலும் அக்குளிலும் அரிப்பு. மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கித் தடவி வருகிறேன். என் மாமியார், “பொம்பளப் புள்ள மூடித்தான் இருக்கணும். நீ போய்ப் பேசுனா புள்ளயத்தான் பழி வாங்குவாங்க” என்கிறார். அதே பள்ளியில் ஆறாவது படிக்கும் என் மகனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இது நியாயமா? நான் போய்ப் பேசலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தாய், கொருக்குப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நியாயத்தைப் பேசுவதற்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

இரண்டு வாரமாக எரிச்சல் என்றால் இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ கூட்டிக்கொண்டு போய்ச் சிறுநீர் பரிசோதனை செய்யுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்குக் கொடுப்பதற்கு முன்னால் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் கிருமி எது என்று கண்டுபிடிப்பதே சிரமமாகிவிடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்பக்கம் வலி, வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்.

அடுத்தது அந்த டியூப். அட்டையை எடுத்துப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரிப் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய நாலு நாள் அரிப்பு அடங்கும். படர்தாமரையாக இருந்தால் அடியில் அது பரவிக்கொண்டேதான் இருக்கும். நிறுத்திவிட்டு, சிறுநீர் பரிசோதனைக்குப் போகும் அன்றே டாக்டரிடம் தோலையும் காட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். துண்டு ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சீருடை என்ற ஏற்பாடு நியாயமானது. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் இருபத்தைந்து வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். மீன் ஏலத்துக்குப் போகிறவர் மகளும் வங்கியில் வேலை பார்ப்பவர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துணியை வைத்து யார் யாரென்று சொல்ல முடியாது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மதிய உணவோடு சீருடையும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் இதுதான். எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 4 செட் சீருடை இலவசமாக அரசு தருவதும் அதன் தொடர்ச்சிதான். நம் பக்கத்து வீடுகளில் பல பிள்ளைகளுக்கு நல்ல துணி என்று இருப்பதே யூனிபார்ம்தான். கோயிலுக்கும் அதுதான், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் அதுதான். ஆகவே யூனிபார்மே வேண்டாம் என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் உங்கள் மகளுக்குப் போட்டிருக்கும் விதிகளில் பாதி நியாயமானதில்லை. காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மகனின் யூனிபார்மையும் மகளின் யூனிபார்மையும் கட்டில்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகனுடையதைத் தீர்மானித்தவர், பையன் என்ன செய்வான் என்று யோசித்திருக்கிறார். ஓடுவான், குனிவான், பேனா செருகுவான், சில்லறை வைப்பான். சட்டையில் ஒரு பை, பேன்ட்டில் இரண்டு. மகளுடையதைத் தீர்மானித்தவர் அவள் எப்படித் தெரிவாள் என்று மட்டுமே யோசித்திருக்கிறார். அவள் ஓடுவாள், வியர்ப்பாள், பாத்ரூம் போவாள், மாதாமாதம் ரத்தம் போகும் என்பதெல்லாம் அவர் நினைவுக்கே வரவில்லை.

கிளினிக்குக்கு வரும் பெண் பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: “மேல எத்தனை துணி போட்டிருக்க?” விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். பிரா, அதன்மேல் ஷிம்மி, அதன்மேல் டாப்ஸ், அதன்மேல் கோட்டு. நாலு. அண்ணனுக்கோ தம்பிக்கோ பனியனும் சட்டையுமாக இரண்டு. அந்த நாலில் மேலே இருக்கிற இரண்டும் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணி. கசங்காது, சாயம் போகாது, சீக்கிரம் காயும் என்று பள்ளிகள் அதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. சாதாரணக் காற்றில் பருத்தித் துணி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது அரை சதவீதம்கூட வராது. அப்படியானால் வியர்வை எங்கே போகும்? தோலிலேயே நிற்கும். அதுவும் நம்முடையது கடலோர ஊர். காசிமேட்டுக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், இங்கே அது லேசில் காய்வதில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் வெயிலில் கால் மணி நேரம் நிற்கிறோமே, அந்தக் கால் மணி நேரத்தை நாலு துணியோடு நின்று பாருங்கள். 2023-லும் 2024-லும் வெயிலைக் காரணம் காட்டித்தான் அரசு ஜூன் மாதம் பள்ளி திறக்கும் தேதியையே தள்ளி வைத்தது. தேதியைத் தள்ளி வைக்க வேண்டிய அளவுக்கு வெயில் அடிக்கும் மாதத்தில், ஒரு பிள்ளை கோட்டைக் கழற்றியது குற்றமாகிவிடுமா? இடுப்பில் நாடா இறுக்கிக் கட்டும் இடத்திலும் அக்குளிலும் அவளுக்கு வந்திருக்கும் அரிப்புக்குக் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம்.

அவள் தண்ணீர் குடிக்காததற்கு வருகிறேன், ஏனென்றால் என்னை மிகவும் வருத்தியது அதுதான். நாடா பேன்ட்டோடும் முட்டிக்குக் கீழே தொங்கும் டாப்ஸோடும் பள்ளிக்கூட பாத்ரூமில் ஒரு பெண் பிள்ளை என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று ஆண்கள் யாரும் பார்த்ததில்லை. நாம் பார்த்திருக்கிறோம், ஆனால் வெளியில் சொன்னதில்லை. தரை ஈரம். கதவில் கோட்டு மாட்ட ஓர் ஆணி இருக்காது. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, டாப்ஸின் நுனியைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் பேன்ட்டை ஈரத்தில் படாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாடா முடிச்சு விழுந்துவிட்டால் முடிந்தது. வெளியே பத்துப் பேர் வரிசை, இன்டர்வெல் பத்து நிமிஷம். இதற்கு ஒரு 13 வயதுப் பிள்ளை கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டையானது, கிருமி சீக்கிரம் ஏறிவிடும். தண்ணீர் குடித்து அடிக்கடி வெளியேற்றினால் கிருமி கழுவிக்கொண்டு போகும். அடக்கி வைத்தால் உள்ளேயே பெருகும். எட்டரை மணியிலிருந்து நாலரை வரை எட்டு மணி நேரம் அடக்குகிற பிள்ளைகளை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்கள், நல்லது. குடித்த தண்ணீரை வெளியேற்ற வசதியில்லாத உடையைக் கொடுத்துவிட்டு மணி அடித்தால் பிள்ளை குடிக்காது.

மாதவிடாய் நாட்களில் இதே பாத்ரூமில் நாப்கினும் மாற்ற வேண்டும். அரசு ‘புதுயுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட் நாப்கின் இலவசமாகத் தருகிறது. ஒரு பாக்கெட்டில் 6. மிகவும் நல்ல திட்டம். ஆனால் அதில் ஒன்றே ஒன்றை வகுப்பிலிருந்து பாத்ரூம் வரை எடுத்துக்கொண்டு போக அவள் உடையில் ஓர் இடம் இல்லை. டாப்ஸில் பை இல்லை, பேன்ட்டில் பை இல்லை, கோட்டிலும் இல்லை. புத்தகப் பையைத் திறந்து, நோட்டுக்குள் ஒளித்து, அக்குளில் இடுக்கி, பையன்கள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அதற்குக் கூச்சப்பட்டு, காலையில் வைத்ததையே சாயங்காலம் வரை மாற்றாமல் இருப்பவர்கள் அதிகம். கீழே வெள்ளை பேன்ட் வேறு. கறை பட்டுவிட்டதா என்று தோழியைப் பின்னால் நடக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லாத பெண் நம்மில் யார்? வெள்ளை பேன்ட் வேண்டும் என்று எழுதிய கை, ஒருநாளாவது அந்தப் பயத்தோடு பெஞ்சிலிருந்து எழுந்திருந்தால் அப்படி எழுதியிருக்காது.

பி.டி. பீரியடில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் என் கதை நினைவுக்கு வந்தது. நானும் வடசென்னைப் பள்ளியில் படித்தவள்தான். எட்டாவது வரை பாவாடை சட்டை. கோ-கோவில் எங்கள் வகுப்பில் என்னைத் தொட ஆள் கிடையாது. ஒன்பதாவதில் தாவணி வந்தது, கோ-கோ போனது. விளையாடாதே என்று யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். இடுப்பில் செருகி, தோளில் இரண்டு ஊக்குக் குத்தி ஒரு மாதம் ஓடிப் பார்த்தேன். ஒருநாள் திரும்பும்போது தாவணி காலில் சிக்கி விழுந்து, ஊக்கு தோளைக் கிழித்துவிட்டது. எழுந்து வந்து மரத்தடியில் உட்கார்ந்தவள்தான், பன்னிரண்டாவது முடிகிற வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு விளையாட்டில் ஆசை விட்டுப்போய்விட்டது என்றுதான் வெகுநாள் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குத் தாவணி காரணம் என்று புரிய எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. உங்கள் மகளைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். அவர் சொல்வதில் ஒரு பயம் இருக்கிறது. பஸ்ஸிலும் தெருவிலும் பெண் பிள்ளைகள்மேல் விழும் பார்வையைப் பற்றிய பயம். அது பொய்யான பயமும் இல்லை. பள்ளிகள் கோட்டைக் கொண்டுவந்ததற்குப் பின்னாலும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. துப்பட்டா சைக்கிள் சக்கரத்தில் மாட்டுகிறது, ஊக்குக் குத்துகிறது, அதைவிட கோட்டு மேல் என்று நினைத்தவர்களும் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கோட்டு பிடிக்கும் என்று என்னிடம் சொன்ன பிள்ளைகளும் இருக்கிறார்கள். மார்பு வளரத் தொடங்கும் ஒன்றிரண்டு வருஷத்தில் சிலருக்கு மேலே ஒரு துணி இருந்தால்தான் தைரியம். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. வேண்டுகிற பிள்ளை போட்டுக்கொள்ளட்டும், வேண்டாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்பதுதான் நான் கேட்பது. பார்க்கிறவன் பார்வை சரியில்லை என்றால் அவனைக் கண்டிக்க வேண்டியது பள்ளியின் வேலை. அந்த வேலைக்குப் பதிலாக உங்கள் மகளுக்கு நாலாவது துணி போட்டால், அவன் செய்கிற தப்புக்கு இவள் வியர்த்துக்கொண்டிருக்கிறாள் என்றாகிறது.

ரெட்டைச் சடை, ரிப்பன் விஷயம் நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வரி. ஈரத் தலையை அவசரமாகப் பின்னி மடித்துக் கட்டினால் நாள் முழுக்கக் காயாது. நாற்றம் வரும், பொடுகும் கூடலாம். தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் ஒற்றைப் பின்னலுக்கு அனுமதி கேளுங்கள். மழைக்காலத்தில் ஷூ, சாக்ஸுக்குப் பதில் செருப்புக்கும் அப்படியே. கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நிற்கும் நாளில் ஈர சாக்ஸோடு நாலரை வரை உட்கார்ந்தால் சேற்றுப்புண் வராமல் என்ன செய்யும்?

வேறு இடங்களில் இதை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசு தொடக்கப் பள்ளியில் 2018-லேயே ஆண், பெண் எல்லாருக்கும் முக்கால் கால்சட்டையும் சட்டையும் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு மாணவிகளுக்கு பேன்ட், சட்டை கொண்டுவந்தபோது எதிர்ப்பும் கிளம்பியது. பேன்ட் போட்டால்தான் சமத்துவம் என்று நான் சொல்ல மாட்டேன். சுடிதார் நல்ல உடை. கால் வீசி நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். அதன்மேல் நாம் ஏற்றி வைத்த சுமையைத்தான் இறக்க வேண்டும்.

பள்ளிக்குப் போய்ப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள், ஆனால் தனியாகப் போகாதீர்கள். அதே வகுப்பில் இன்னும் நாலைந்து தாய்மார் நிச்சயம் இதே அவஸ்தையில் இருப்பார்கள், அவர்களோடு போங்கள். ஒரு பிள்ளையின் அம்மா பேசினால் அது புகார் ஆகிவிடும், ஐந்து பேர் பேசினால் கோரிக்கை. மாமியார் சொல்லும் பழி வாங்கலுக்கும் அதுவே காப்பு. நேராக எச்.எம்.மிடம் போங்கள். முதலில் டாக்டர் சீட்டைக் கொடுங்கள். சிறுநீர்த் தொற்று, தோல் தொற்று, கோட்டு இல்லாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் தடை கூடாது என்று உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு அன்றே விடிவு கிடைக்க அந்தச் சீட்டு போதும்.

அதற்கப்புறம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கோட்டு விருப்பப்படி இருக்கட்டும். வெள்ளை பேன்ட்டுக்குப் பதில் கரும் நிறம். நாடாவோடு எலாஸ்டிக்கும் வைத்துத் தைக்க அனுமதி. பி.டி. இருக்கும் நாளில் காலையிலிருந்தே டிராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும். பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. டாப்ஸில் ஒரு சைடு பாக்கெட். இதில் எதற்கும் பள்ளிக்குப் பெரிய செலவு இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனைதான் சொல்ல முடியும். இருந்தாலும் கூட்டத்தில் சொன்னது மினிட்ஸில் ஏறினால் அதற்கு ஒரு கனம் உண்டு. அதில் இருக்கும் தாய்மார் யாரென்று விசாரியுங்கள்.

அந்த மிஸ்ஸைப் பற்றி எதிரியைப் போலப் பேசாதீர்கள். நம் ஊரில் பல பள்ளிகளில் டீச்சர்களுக்கும் சேலைக்கு மேல் கோட்டுதான். அவரும் நாள் முழுக்க அதே புழுக்கத்தில் நிற்கிறவராக இருக்கலாம். தனியாகப் பேசினால் உங்கள் பக்கம் வந்தாலும் வருவார். ஆனால் அவர் செய்தது தவறு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பிள்ளையை அடிப்பதோடு மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் அது. உங்கள் மகளும் அதற்குள் வருகிறாள். மதியம் வரை வெளியில் நிறுத்தி, வகுப்பு முன்னால் “வெட்கமில்லையா” என்று கேட்பதை வேறு எந்தப் பெயரால் சொல்வது? அவளிடம் தனியாக ஒரு வார்த்தை சமாதானம் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பேசியும் கேட்கவில்லை, பிள்ளையைத் தொந்தரவு செய்கிறார்கள் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான எண் 1098. இரண்டுக்கும் காசு கிடையாது.

இன்று ராத்திரி மகள் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிடுங்கள், எச்.எம்.மைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம்: “உனக்குப் புழுங்குச்சு, கழட்டுன. அவ்ளோதான். அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.” அன்றிலிருந்து அவள் தண்ணீரோடு சேர்த்து இந்த வெட்கத்தையும் அடக்கி வைத்திருக்கிறாள். நீங்கள் சொன்னால்தான் அவளுக்கு அது நிஜமாகும். நான் எழுதினால் போதாது.

பாக்கெட்டுக்கு மட்டும் பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். டாப்ஸின் வலது பக்கத் தையலை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் பிரித்து, உள்பக்கமாகப் பருத்தித் துணியில் ஒரு பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வெளியில் தெரியாது, எந்த விதியும் மீறியதாகாது. உங்கள் தெரு டெய்லருக்கு அரைமணி நேர வேலை. ஒரு நாப்கின் மடக்கி வைத்துப் பார்த்து அளவு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு டாப்ஸிலும் வைத்துவிட்டால் திங்கட்கிழமை அவள் கை வீசிக்கொண்டு பாத்ரூம் போகலாம்.